நாயாற்றுக்குப் போன படங்கு

காலை 5.40. கிளிநொச்சி பேருந்து நிலையத்தில் முதலில் கண்ணில் பட்டது ஒரு சோடாப் போத்தல். முல்லைத்தீவுப் பேருந்தின் நடத்துநர் அதிலிருந்த தண்ணீரை முன்கண்ணாடியில் ஊற்றி, பழைய சாரத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியின் இடது பாதி துலங்கியபோது போத்தல் முடிந்துவிட்டது. வலது பாதியை அவர் அப்படியே விட்டார். சாரதி இருப்பது வலது பக்கம். 

ஓகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. நான் வவுனியாவிலிருந்து முதல் நாள் மாலை வந்து, கிளிநொச்சியில் தங்கியிருந்தேன். நாயாற்றுக் கடற்கரையில் பெண்பிள்ளைகள் நீந்தப் பழகுவதற்காக ஊர்ப் பெண்கள் ஓர் இடம் அமைத்திருப்பதாகவும், அதற்குச் சிறு மானியம் ஒன்று கிடைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டு, அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் புறப்பட்டேன். புறப்படுமுன் அந்தப் பெண்கள் குழுவின் தலைவி றெஜினாவோடு தொலைபேசியில் பேசினேன். பேச்சின் முடிவில் அவர் ஓர் உதவி கேட்டார்.

“ஐயா பஸ்ஸிலதானே வாறியள்? வழியில தர்மபுரத்தில இறங்கி ஒரு படங்கு வாங்கிக்கொண்டு வருவியளோ?”

படங்கு என்பது நெல் காயப்போடும் தடித்த விரிப்பு. மழைக்குக் கூடாரமாகவும் கட்டலாம். கடற்கரையில் அது எதற்கு என்று கேட்டேன்.

“வாங்கோ, காட்டுறன்” என்றார்.

பேருந்து 5.55க்குப் புறப்பட்டது. பரந்தன் சந்தியில் கிழக்கே திரும்பியதும் சூரியன் நேரே துடைக்காத பாதியில் அடித்தது. சாரதி தலையை இடப்பக்கம் சாய்த்தபடி ஓட்டினார். கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம் ஏறக்குறைய 17 கிலோமீற்றர், கட்டணம் 90 ரூபா. சிறுபோக அறுவடை முடிந்திருந்தது. வீதியின் ஒரு கரை முழுவதும் நீலமும் பச்சையுமாகப் படங்குகள், அவற்றின்மேல் நெல். பேருந்து மறு கரையோடு ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று.

6.30. தர்மபுரத்தில், படங்கு தருவதாகச் சொல்லியிருந்த கணேசலிங்கம் வீதியிலேயே நின்றார். வயது ஐம்பத்திரண்டு, மூன்று ஏக்கர் வயல்காரர், ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். அவருடைய பெற்றோர் தீவகத்திலிருந்து காணி கிடைத்து வாய்க்கால் நீரை நம்பி இங்கே வந்தவர்கள். அவர் முதலில் எனக்குத் தேநீர் தந்தார், பிறகு கரப்பந்தாட்டத் திடலைக் காட்டினார். நாயாற்றுக்குக் கிடைத்த அதே மானியத் திட்டத்தில் இந்தத் திடலுக்கும் கிடைத்திருக்கிறது. தரை மட்டமாக்கி, கம்பங்கள் நட்டு, சுற்றிவர இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். கூலி கொடுக்கவில்லை. ஊரார் ஆளுக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து வேலை செய்திருக்கிறார்கள். திட்டத்தின் விதி அது: சாமானுக்கு மட்டும்தான் பணம், உழைப்பு ஊருடையது.

“ஆரம்பத்தில ஒருத்தரும் படிவம் நிரப்ப வரேல்லை” என்றார் கணேசலிங்கம். “தலைப்பைப் பாத்தியளோ? ‘வெளிக்களப் பொழுதுபோக்குத் திட்டம்.’ கூட்டத்தில ஒருத்தர் எழும்பிக் கேட்டார், ‘எங்களுக்குப் பொழுது போகேல்லை எண்டு ஆர் சொன்னது? பொழுது காணாமல் எல்லோ கிடக்கு!’ எண்டு. பிறகு நான், பொழுதுபோக்கு எண்டத வெட்டிப்போட்டு விளையாட்டு எண்டு வாசிச்சன். பதினேழு பேர் கையெழுத்து வைச்சவை.”

திடலின் வலை என்னைக் கவர்ந்தது. கச்சான் காற்று மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. சாதாரணமாகக் கரப்பந்தாட்ட வலையின் கண்கள் உள்ளங்கை அகலம் இருக்கும், காற்று ஊடே போய்விடும். இந்த வலையின் கண்ணுக்குள் என் பெருவிரல் மட்டுமே நுழைந்தது. வலை பாய்மரம்போல் ஒரு பக்கம் புடைத்து நின்றது.

“நாயாத்துச் சனம் தந்த வலை” என்றார் அவர். “எங்கட வலை கிழிஞ்சுபோச்செண்டு கிளிநொச்சியில நடந்த மானியக் கூட்டத்தில ஒரு கதைக்குச் சொன்னனான். அடுத்த கிழமை பஸ்ஸில வந்து இறங்குது. றெஜினா அக்கா அனுப்பினவா. காத்துப் பக்கம் நிண்டு ஆடுறவன் வெண்டான். பந்து பட்டா மீன் மாதிரி ஒட்டிக்கொண்டு நிக்கும். ஆனா கிழியாது. பேரப்பிள்ளையளும் இதில ஆடலாம்.”

பிறகு அவர் வீதிக்குப் போனார். அவருடைய நெல் மூன்று படங்குகளில் காய்ந்துகொண்டிருந்தது. அவரும் மனைவியும் நடுப்படங்கின் நெல்லை மற்ற இரண்டிலும் கூட்டித் தள்ளினார்கள். இரண்டிலும் நெல் தடித்துப்போயிற்று. அப்படிக் கிடந்தால் காய ஒரு நாள் கூடப் பிடிக்கும்.

“அவசரமில்லையா உங்களுக்கு?” என்றேன்.

“அவசரம்தான். பின்னேரம் திருப்பிக் கொண்டு வந்திடுங்கோ. இண்டைக்கு அவைக்குப் பெரிய நாள்.”

7.25க்கு அடுத்த பேருந்து. நான் மடித்த படங்கைத் தோளில் வைத்து ஏறினேன். இந்தப் பேருந்தின் நடத்துநர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன ஐயா, வீட்டையும் கழட்டிக்கொண்டு போறியளோ?”

“படங்கு.”

“ஆருக்குக் கலியாணம்?”

“கலியாணமில்லை. நாயாற்றில் குளிக்கிற பிள்ளைகளுக்கு.”

“குளிக்கிறதுக்குப் படங்கோ! அங்க தண்ணி இல்லையோ?” பேருந்து முழுவதும் சிரித்தது. முல்லைத்தீவுக்கு 190 ரூபா வாங்கினார். படங்குக்கு அரை ரிக்கற் போடவா என்று கேட்டுவிட்டு, போடாமலே போனார்.

விசுவமடு, புதுக்குடியிருப்பு. வட்டுவாகல் பாலத்தில் பேருந்து நடைவேகத்துக்கு வந்தது. பாலம் ஒடுக்கமானது, தண்ணீருக்குச் சற்றே மேலே கிடப்பது. நந்திக்கடலில் இடுப்பளவு நீரில் ஒருவர் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார். 8.35க்கு முல்லைத்தீவு. அங்கிருந்து கொக்கிளாய்ப் பேருந்தில் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீற்றர், 110 ரூபா. சிலாவத்தை, அளம்பில், செம்மலை தாண்டி, 9.45க்கு நாயாற்றுப் பாலத்தடியில் இறங்கினேன்.

இடப்பக்கம் கடல், வலப்பக்கம் களப்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. மாரி மழையில் களப்பு நிரம்பி இந்த மேட்டை உடைத்துக்கொண்டு கடலோடு சேரும். இப்போது மேடு மூடிக் கிடக்கிறது, களப்பு அசையாமல் நிற்கிறது. நீந்தப் பழகுவதற்கு மாசியிலிருந்து புரட்டாதி வரையான இந்தக் காலம்தான் உகந்தது.

றெஜினா பாலத்தடிக்கு வந்து படங்கின் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்திரண்டு வயது, கழுத்தில் செபமாலை, காலில் செருப்பில்லை. கணவர் கடல் தொழில் செய்கிறார். நடக்கும்போதே விசயத்தைச் சொன்னார். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய மகள் ஸ்டெல்லா, அப்போது பதினான்கு வயது, களப்பில் கையால் இறால் தடவிக்கொண்டு போகையில் மடுவில் கால் வைத்துவிட்டாள். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சூசை என்பவர் பாய்ந்து தலைமயிரில் பிடித்து இழுத்து எடுத்தார்.

“அண்டைக்குத்தான் நினைச்சனான். ஊர் முழுக்கத் தண்ணியில சீவிக்குது. ஆம்பிளைப் பிள்ளையள் தாங்களாப் பழகிடுவினம். எங்கட பொம்பிளைப் பிள்ளையள் ஒண்டுக்கும் நீந்தத் தெரியாது. எனக்கும்தான்.”

மானியம் மொத்தம் இரண்டரை இலட்சம் ரூபா. முதற் பகுதியில் கயிறு, மிதவை, உயிர்காப்பு அங்கிகள் வாங்கி, களப்பில் ஓர் அரைவட்டம் வளைத்தார்கள். மாசியில் இருபத்தாறு பெண்பிள்ளைகள் வந்தார்கள். வைகாசியில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். பெரிய பிள்ளைகள் வராமல் நின்றதற்குக் காரணம் தண்ணீர் இல்லை. ஈர உடுப்போடு மீனவர் தங்கும் வாடிகளைத் தாண்டி அறுநூறு மீற்றர் வீட்டுக்கு நடக்க வேண்டியிருந்தது. உடை மாற்றும் அறை மானியத்தின் இரண்டாம் பகுதியில்தான் இருந்தது. அந்தப் பகுதி கிடைக்க வேண்டுமானால், பெண்பிள்ளைகள் இடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று அலுவலர் வந்து பார்த்து எழுத வேண்டும். அறை இல்லாமல் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளைகள் வராமல் அறை வராது.

இது போதாதென்று, ஆனியில் அலுவலர் முதல் முறை வந்தபோது கண்டது வேறொன்று.

அதைச் சூசையே சொன்னார். அறுபது வயது, வற்றிய உடம்பு. அரைவட்டத்தைக் கட்டியவர் அவர்தான். திட்டத்தின் வரைபடத்தில் இருந்தது கயிறும் மிதவையும் மட்டும், இதைத் தாண்டிப் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு.

“மிதவை கட்டினன் ஐயா. கட்டிப்போட்டுப் பாக்கிறன், கீழ ஒண்டும் இல்லை. நாப்பது வருசமா மிதவைக்குக் கீழ வலை இல்லாமல் நான் ஒண்டும் இறக்கேல்லை. கை கேக்குதில்லை. ஒண்டரை அங்குலக் கண்ணில வலை கட்டி, ஈயமும் போட்டு இறக்கினன். பிள்ளையள் அடியால போகாயினம் எண்டு எனக்கொரு நியாயம்.”

“நியாயம்!” என்றார் றெஜினா. “விடியப் பாத்தா உள்ளுக்கு எட்டுக் கிலோ இறால்.”

“பன்னிரண்டு.”

“பன்னிரண்டாம். ஊரில ஆக்கள் நீந்தவே வந்தவை? பறியோடயெல்லோ வந்தவை. அந்த நேரம் பாத்து அவர் மோட்டசைக்கிளில வந்து இறங்குறார். ‘மீன்பிடிக்குப் பயன்படுத்தப்படுகிறது’ எண்டு எழுதிக்கொண்டு போட்டார்.”

இரண்டாம் முறையும் பார்த்துவிட்டு முடிவு என்று சொல்லியிருந்தார்கள். அந்த இரண்டாம் முறை இன்றுதான், காலை பதினொரு மணி. சிறுகண் வலையைச் சூசை அன்றே கழற்றிவிட்டார். தர்மபுரத்தில் காற்றில் புடைத்து நின்றது அந்த வலைதான். இப்போது மிதவைக்குக் கீழே ஆறங்குலக் கண் வலை தொங்குகிறது. முழுக்க வெறுமையாக விட அவரால் முடியவில்லை.

10.10. களப்புக் கரையில் நான்கு கழிகள் நட்டுப் படங்கைச் சுற்றினார்கள். விரித்தபோது மடிப்புகளிலிருந்து நெல் கொட்டியது. மணலில் கிடந்த நெல்லை ஒரு காகம் வந்து பார்த்தது. வீடுகளிலிருந்து பெண்பிள்ளைகள் இரண்டும் மூன்றுமாக வந்து, சற்றுத் தள்ளிக் கரையில் ஏற்றிய படகடியில் நின்றார்கள். கையில் உடுப்புப் பை. ஸ்டெல்லா படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். றெஜினா அவளை ஒருதரம் பார்த்தார், கூப்பிடவில்லை.

கச்சான் பிடித்தது. படங்கின் அடி முழங்காலளவு கிளம்பி, கொடிபோல் அடித்தது. படகடியில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“மண்ணள்ளிப் போடுங்கோ” என்றார் றெஜினா. மணல் போட்டார்கள். காற்று மணலையும் கொண்டுபோயிற்று. 10.25.

சூசை தன் வாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது தோளில் பழைய வலையொன்றின் அடிக்கயிறு, அதில் சாண் இடைவெளியில் ஈயக்குண்டுகள். படங்கின் அடிவிளிம்பில் இருந்த ஓட்டைகளினூடாக அந்தக் கயிற்றைக் கோத்து இழுத்தார். மேல்விளிம்பில் மிதவைக் கயிற்றைக் கட்டி, கழிகளில் முறுக்கினார். வலையை எப்படி இறக்குவாரோ அப்படியே. பதினைந்து நிமிடம் ஆயிற்று. படங்கு நேராகத் தொங்கியது. காற்று அடித்தது, அது அசையவில்லை.

“அப்ப இதுக்குள்ளயும் இறால் விழுமோ சூசை மாமா?” என்று படகடியிலிருந்து ஒரு குரல்.

“நீ உள்ள போ, பாப்பம்” என்றார் சூசை.

ஸ்டெல்லா இறங்கி வந்தாள். உள்ளே போனாள். சற்று நேரத்தில் உள்ளிருந்து குரல்: “அம்மா, சுத்தி நடந்து பாருங்கோ. எங்கயாவது தெரியுதோ?”

றெஜினா படங்கைச் சுற்றி நடந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நின்று, குனிந்தும் பார்த்தார். “ஒண்டும் தெரியேல்லை.”

“வெயில் பக்கம்?”

“அங்காலயும் பாத்தனான். தெரியேல்லை, பிள்ளை.”

ஸ்டெல்லா முழங்கால் வரை நீண்ட கறுப்புக் காற்சட்டையும் கைநீண்ட சட்டையுமாக வெளியே வந்து, யாரையும் பார்க்காமல் நேரே தண்ணீருக்குள் நடந்தாள். மார்பளவு ஆழத்தில் முன்னே சாய்ந்து மிதவைக் கயிறு வரை நீந்தி, அதைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். தலைமயிரில் இரண்டு நெல்மணிகள் ஒட்டியிருந்தன. வீட்டுப் பக்கம் திரும்பிய பிள்ளையும் பையோடு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு படங்கின் முன்னால் வரிசை நின்றது.

11.20க்கு அலுவலர் வந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். தலைக்கவசத்தைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் மாட்டிவிட்டு, நேரே மிதவைகளிடம் போனார்.

“வலை இன்னும் கிடக்குதே.”

சூசை தண்ணீரில் இறங்கி வலையைத் தூக்கி, ஒரு கண்ணுக்குள் தன் முட்டியை நுழைத்து முழங்கை வரை விட்டுக் காட்டினார். “என்ர கையே போகுது ஐயா. மீன் நிண்டு என்ன செய்யும்?”

அலுவலரின் உதடு சற்று விரிந்தது. தண்ணீரில் நின்ற தலைகளை எண்ணினார். நானும் எண்ணினேன். பத்தொன்பது, அதில் பதினொரு பேர் பெரிய பிள்ளைகள். பிறகு அவர் படங்கைக் காட்டினார்.

“இது என்ன?”

“உடுப்பு மாத்துற இடம். இண்டைக்கு மட்டும். தர்மபுரத்து ஆக்களின்ர” என்றார் றெஜினா.

“உள்ளுக்குப் பாக்கலாமோ? நான் எழுத வேணும்.” அவர் விளிம்பில் கை வைத்தார். உள்ளிருந்து நான்கு குரல்கள் ஒன்றாகக் கத்தின. அவர் சுட்டதுபோல் கையை எடுத்தார்.

“அப்ப நான் எப்பிடிப் பாக்கிறது?”

“பாக்க ஏலாமல் இருக்கிறதுதான் ஐயா அந்த அறை” என்றார் றெஜினா.

அலுவலர் படகடிக்குப் போனார். பிறகு படகின் விளிம்பில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்து எழுதினார். தலைகீழாக வாசிப்பது எனக்குப் பத்திரிகை அலுவலகங்களில் வந்த பழக்கம். ‘பெண்பிள்ளைகளால் பயன்படுத்தப்படுகிறது. இரண்டாம் பகுதி சிபாரிசு செய்யப்படுகிறது’ என்று இருந்தது.

றெஜினா கையெழுத்து வைக்குமுன் அறையின் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம். கதவில் வெளிப்பக்கம் பூட்டு.

“உள்ளுக்குத் திறாங்கு போட்டுத் தருவியளோ?” திறாங்கு என்பது கதவை உள்ளே இருந்து அடைக்கும் தாழ்.

“பூட்டு வெளியிலதான் அக்கா. சாமான் களவு போகாமல்.”

“உள்ளுக்கு என்ன ஐயா சாமான்? பிள்ளையள்தான்.”

கேட்டுச் சொல்வதாக அலுவலர் சொன்னார். வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் சிறிதாக ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

மதியம் றெஜினாவின் குசினியில் ரொட்டியும் இறால் சொதியும். எனக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டு, அதன் ஆடும் காலுக்குக் கீழே சிரட்டைத் துண்டு வைத்தார்கள். நான் செய்ததெல்லாம் ஒரு சுமையைப் பேருந்தில் ஏற்றி இறக்கியதுதான். ஆனால் மூன்று தரம் நன்றி சொன்னார்கள், இரண்டாம் தரம் சொதி ஊற்றும்போது. அந்த நன்றியில் பெரிய பங்கு மூன்று படங்கில் ஒன்றைத் தந்தவருக்குரியது என்று சொன்னேன். “அவருக்கு வேற வைச்சிருக்கிறம்” என்றாள் ஸ்டெல்லா. தலைமயிர் இன்னும் ஈரமாயிருந்தது, உடுத்தியிருந்ததோ காய்ந்த உடுப்பு.

2.30க்குப் பேருந்து. படங்கைக் கழற்றி, ஈயக்கயிற்றை உருவி, தட்டி மடித்தார்கள். கழிகள் நான்கும் மணலில் அப்படியே நின்றன. முல்லைத்தீவில் மாறி, 4.50க்குத் தர்மபுரம். கணேசலிங்கம் படங்கை வாங்கி முகர்ந்தார்.

“கடவுளே, நெல்லு முழுக்க இனி கடல் மணக்கப் போகுது.”

உள்மடிப்பில் காய்ந்த இறால் பொதி ஒன்று இருந்தது. அவர் மனைவி அதைக் கண்டதும் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வெயில் இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இருவரும் படங்கை விரித்து நெல்லைப் பரப்பினார்கள். நானும் ஒரு பக்கம் தள்ளினேன். திடலில் ஆட்டம் தொடங்கியிருந்தது. பந்து வலையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

வவுனியாவில் என் வீட்டிலிருந்து குளக்கட்டு நடந்துபோகும் தூரம். கட்டில் நடைபாதை இருக்கிறது, இருக்கைகள் இருக்கின்றன, மாலையில் சனம் இருக்கிறது. தண்ணீர் ஓரத்தில் இறங்க வேண்டாம் என்று ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. பல வருடம் அதைக் கடந்து நடந்திருக்கிறேன். நாயாற்றிலிருந்து வந்த மறுநாள்தான் முழுவதையும் வாசித்தேன்.

புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன், றெஜினா தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினார். அறை கட்டி முடிந்திருந்தது. எட்டடிக்குப் பத்தடி, கூரை தகரம், சுவர் சீமெந்துக் கல். படம் உள்ளே நின்று எடுத்தது. கதவு சாத்தியிருந்தது. திறாங்கு உள்பக்கம் இருந்தது.